சலவைத்தூள் என்று பதியப்பட்ட சரக்கு

எனக்குப் பிளேன்ரீ போதும். பால் குடித்தால் நெஞ்சு கரிக்கும். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக்கூடிய பொலிஸ்காரராக உங்களை அனுப்பியது நல்லது. முன்பு வந்தவருக்கு நான் சிங்களத்தில் சொன்னவற்றில் பிழை இல்லை. ஆனால் என் பக்கத்து நியாயம் அதில் சரியாக விழவில்லை.

என் பெயர் பரமநாதன். கண்டி புகையிரத நிலையத்துக்கு அருகே, ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் என் கந்தோர். பலருடைய சரக்கு ஒரே கொள்கலனில் வெளிநாட்டிலிருந்து வரும். அதைக் கொழும்புத் துறைமுகத்தில் விடுவித்து, கெலிஓயாவில் உள்ள என் களஞ்சியத்துக்குக் கொண்டுவந்து, பிரித்து, உரியவர்களிடம் சேர்ப்பது என் தொழில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இந்த ஊரில் என் சொல்லுக்கு ஒரு மதிப்பைத் தேடிக்கொண்டவன் நான். கொள்கலனில் இருப்பது பலவகைச் சாமான் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால், அதற்குமேல் என்னிடம் யாரும் கேட்டதில்லை.

பிறகு அந்தப் புது நடைமுறை வந்தது. கப்பல் வந்து சேருமுன்பே, கொள்கலனுக்குள் யாருடைய என்ன பொருள் இருக்கிறது என்று தனித்தனியாகக் கணினி வழியே சுங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். ஆபத்தான பொருள் என்றால் அதற்குத் தனிக் குறியீடு, தனி அனுமதி. அறிவிப்பவர் தன் பெயரில் பதிந்துகொள்ள வேண்டும். பின்னால் ஏதும் நடந்தால் அந்தப் பெயருக்குரியவர்தான் பொறுப்பு.

அதற்கான விளக்கக் கூட்டத்துக்கு நானும் போனேன். என் மகன் வயதுள்ள ஒரு அதிகாரி எல்லோருக்கும் முன்னால், "அங்கிள், உங்கட ஒபிஸில கொம்பியூட்டர் தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டான். சிலர் சிரித்தார்கள். நான் அதை மனதில் வைத்திருக்கவில்லை. நீங்கள் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

நிஷாந்தினியை அதன் பிறகுதான் வேலைக்கு எடுத்தேன். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த பெண். தாய் கொழுந்து பறிப்பவர். என் மனைவி சரோஜினிதேவி, "தோட்டத்துப் பிள்ளையை நம்பிக் கந்தோரை விடப்போறியளே?" என்று கேட்டார். நான் அப்படிப் பார்ப்பவன் இல்லை. அவளுக்கு மேசையும் கதிரையும் கொடுத்தேன். பதிவையும் அவளுடைய பெயரிலேயே செய்வித்தேன். என் பெயரை அந்த இயந்திரத்துக்குள் போட எனக்கு விருப்பமில்லை. அவளுடைய கடவுச்சொல்லை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன். முதலாளிக்குத் தெரியாமல் கந்தோரில் ஒரு பூட்டு இருக்கக் கூடாது.

பெரஹெராத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. கண்டியில் ஹோட்டல்கள் நிறைகிற காலம். நீச்சல் குளங்களுக்குப் போடும் குளோரின் தூள் பீப்பாய் பீப்பாயாக வருவதும் அப்போதுதான். அந்தத் தூளை ஆபத்தான பொருள் என்று அறிவித்தால், கெலிஓயாக் களஞ்சியத்தைப் பார்க்க ஆள் வரும். அங்கே ஒரே ஒரு கதவு. காற்றுப் போக வழி இல்லை. பார்த்தால் மூடிவிடுவார்கள். அதனால் சலவைத்தூள் என்று போடச் சொன்னேன். வெள்ளைத் தூள், அழுக்கை நீக்குவது. நினைத்துப் பார்த்தால் அது பெரிய பொய்யும் இல்லை. அனுப்பியவர்களும் நான் கேட்டபடியே இன்வொயிஸில் எழுதித் தந்தார்கள்.

நிஷாந்தினி எழுந்து நின்றுதான் பேசினாள்.

"ஐயா, இது சலவைத்தூள் இல்லீங்க. தீப்பிடிக்கிற சாமான். வேற கோட் போடணும்."

"எனக்கும் தெரியும் பிள்ளை. நான் சொன்னதைப் போடும்."

"என் பேர்ல போகுதுங்க. நான் போட மாட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கண்டித்திருப்பேன். அவள் மெதுவாகச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சரி, விடும் என்றேன். அடுத்த நாள் தாயின் கண் சத்திரசிகிச்சைக்காகப் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போக அவள் லீவு கேட்டிருந்தாள். கொடுத்தேன். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அவளுடைய பெயரில் நானே அதை அனுப்பினேன். இரண்டு விரலால் தட்டினேன். அந்த அதிகாரி நினைத்ததைப்போல அது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை.

திரும்பி வந்து திரையைப் பார்த்ததும் அவள் நேராக என் மேசைக்கு வந்தாள். கப்பல் இன்னும் வரவில்லை, திருத்தி அனுப்பலாம் என்றாள். அவளுடைய தம்பிக்குத் துறைமுகத்தில் வேலை எடுத்துக் கொடுத்தவன் நான் என்பதை நினைவூட்டினேன். மிரட்டவில்லை. "தம்பி சுகமா இருக்கிறாரோ?" என்று கேட்டேன். அவ்வளவுதான். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு என்னோடு வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர வேறு பேசவில்லை.

ஆனால் களஞ்சியத்தில் மேற்பார்வை செய்த ஜெயராஜிடம் பேசியிருக்கிறாள். பீப்பாய்கள் வந்து இறங்கியதும் அவன் அவற்றைத் தனியாக, சுவரோரமாக, எதுவும் தொடாத இடத்தில் அடுக்கியிருந்தான். நான் போய்ப் பார்த்தபோது ஏன் என்று கேட்டேன்.

"அந்தப் புள்ளதாங்க சொன்னிச்சு. எண்ணெ கிண்ணெ பட்டா புடிச்சிக்குமாம்."

சலவைத்தூளை யாரும் அப்படித் தனியாக வைப்பதில்லை. வெளியார் யாராவது பார்த்தால் சந்தேகம் வரும். கம்பளையில் ஒரு கடைக்காரருக்கு வந்த வாகன உதிரிப்பாகப் பெட்டிகளோடு சேர்த்து அடுக்கச் சொன்னேன். அந்தப் பெட்டிகளில் பிரேக் எண்ணெய் இருந்தது. எனக்குத் தெரியும். தெரியாது என்று முன்பு வந்தவரிடம் சொன்னேன். அந்த இடத்தை வெட்டிவிடுங்கள்.

ஜெயராஜ் ஆட்களைக் கூப்பிட்டு மாற்றி வைத்தான். நல்ல வேலைக்காரன். சொன்னதைச் செய்வான்.

தீப்பிடித்த அன்று பகல் முழுவதும் மழை. செய்தி வந்து நான் கெலிஓயாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, கதவுக்கு மேலால் வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது. ஆட்கள் எல்லோரும் வெளியே வந்திருந்தார்கள். ஜெயராஜும் வெளியேதான் நின்றான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவன் தப்பி வந்திருந்தான்.

தீயணைப்புப் படை வந்தது. அதன் பொறுப்பதிகாரி என்னிடம் நேராக வந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். சுங்கத்துக்கு என்ன அறிவிக்கப்பட்டிருக்கிறதோ அதைச் சொன்னேன். சலவைத்தூள், உதிரிப்பாகம், துணி. வேறு ஏதாவது, இரசாயனம் ஏதாவது என்று திருப்பிக் கேட்டார். இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது? கணினியில் ஒன்று, வாயில் ஒன்று என்றால் அங்கேயே பிடிபட்டிருப்பேன்.

ஜெயராஜ் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே, கதவுக்கருகே, கம்பளைக்குப் போக வேண்டிய லொறி நின்றது. அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"ஐயா, அந்தப் புள்ள வேற என்னமோ சொன்னிச்சே. அது வெறும் சலவைத்தூளுதானுங்களா? அப்பிடின்னா நான் போயி லொறிய எடுத்துடுறேன்."

தீயணைப்பு அதிகாரி இன்னும் அங்கேயே நின்றார். அவருக்குத் தமிழ் விளங்குமோ விளங்காதோ, எனக்குத் தெரியாது. நான், "அவளுக்கு என்ன தெரியும்? சலவைத்தூள்தான். போ," என்றேன்.

போ என்று நான் சொன்னதை ஒருவரும் சாட்சி சொல்லவில்லை. நானாகத்தான் சொல்கிறேன். இதைக் கவனத்தில் எடுப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினான். ஓர் இளம் தீயணைப்பு வீரன் அவனுக்குப் பின்னால் குழாயை இழுத்துக்கொண்டு போனான். முகத்தில் கவசம் போடவில்லை. சலவைத்தூளுக்கு யார் போடுவார்கள்? லொறி உறுமும் சத்தம் கேட்டது. பிறகு புகை மஞ்சளும் பச்சையுமாக மாறியது. வீதியில் நின்ற எங்களுக்கே தொண்டை எரிந்தது. லொறியின் சத்தம் நின்றுவிட்டது.

அந்த வீரனை இழுத்து எடுத்துவிட்டார்கள். அவனுடைய நுரையீரல் இனிப் பழையபடி வராது என்று கேள்விப்பட்டேன். ஜெயராஜை எடுக்க நேரமாயிற்று. என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தால் ஆட்களை ஒரு பர்லாங் தூரத்துக்கு அனுப்பிவிட்டு, கவசத்தோடுதான் உள்ளே போயிருப்போம் என்று அந்த அதிகாரி விசாரணையில் சொன்னார். சொல்வது சுலபம்.

உங்கள் ஆட்கள் கணினியைப் பார்த்தார்கள். நிஷாந்தினியின் பெயர் இருந்தது. அறிவிப்பை அனுப்பியது யார் என்று என்னிடம் கேட்டபோது, பதிவு யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள் என்றேன். அது உண்மை. அவளைப் பிடித்துக்கொண்டு போகையில், படியில் இறங்கியபடியே, "ஐயா, நீங்களே சொல்லிருங்க," என்றாள். கெஞ்சவில்லை. ஒரு வேலையை நினைவூட்டுவதைப்போலத்தான் சொன்னாள். விளக்கமறியலில் இருந்தபோது இருமுறை சாப்பாடு அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டாள். அந்தப் பெண்ணிடம் தொடக்கத்திலிருந்தே ஒரு திமிர் இருந்தது.

அவளுடைய தாயைப் பார்த்த கண் வைத்தியரை நீங்கள் விசாரித்ததாகச் சொல்கிறீர்கள். அறிவிப்பு போன நேரத்தில் மகள் சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாசலில் காத்திருந்தாள் என்று அவர் சொல்லியிருக்கிறார். இருக்கலாம். அவள் ஒரு கூட்டாளியிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துச் செய்வித்தாளா என்று நீங்கள் யோசிப்பதாகவும் தெரிகிறது. அதனால்தான் இன்று பேசுகிறேன். கூட்டாளி ஒருவரும் இல்லை. இந்தத் தொழிலில் எனக்குக் கூட்டாளி என்று எப்போதும் ஒருவரும் இருந்ததில்லை. அறிவித்தது நான். பீப்பாயை எண்ணெயோடு சேர்த்து வைப்பித்தது நான். கேட்டவருக்கு இல்லை என்று சொன்னது நான். அவனைப் போ என்று அனுப்பியதும் நான். இன்னொருவருக்கு இதில் பங்கு கொடுக்க வேண்டாம்.

ஜெயராஜின் மனைவியிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறேனா என்று கேட்கிறீர்கள். ரத்தினம்மா. செத்தவீட்டுக்கு நான் போயிருந்தேன். தோட்டத்து லயத்து வீட்டுக்கு, அந்தச் சேற்றில் இறங்கி, மலர்வளையத்தோடு போனேன். கண்டியில் எந்த முதலாளி அப்படிப் போவான்? அந்தப் பெண் வளையத்தை என் கையிலிருந்து பறித்துக் கழிவுநீர்க் கானுக்குள் எறிந்தார். "ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் புருசன் வெளியவே நின்னிருப்பாரே," என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினார். ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. நான் திரும்பி வந்துவிட்டேன்.

சொல்ல இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள். அன்று அவர் என்னிடம் நடந்துகொண்ட விதத்தை நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.