கொடி இறங்கிய பிறகு

மதிப்பிற்குரிய இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு, இலுப்பூர் இன்னாசி எழுதுவது.

விபத்துக் கோப்பை முடிக்கக் கையெழுத்து வாங்க என் வீட்டுக்கு வந்தபோது, மேசையில் விரித்திருந்த அட்டையைப் பார்த்து, "என்னங்க இது, தேன்கூடு மாதிரி இருக்கு?" என்று கேட்டீர்கள். விளையாட்டு என்றேன். சிரித்துவிட்டுக் காபியைக் குடித்தீர்கள். என் வீட்டில் வெளியாள் ஒருவர் காபி குடித்து நாளாகியிருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வராமல் அதோடு நிறுத்திக்கொண்டேன். மீதியை இப்போது சொல்கிறேன்.

அது போர் விளையாட்டு. ஆறு பக்கக் கட்டங்கள். அவற்றில் காடு, குன்று, வீடு. சின்னச் சின்ன அட்டைத் துண்டுகள்தான் படை. குவாரியில் இருந்த எஞ்சினியர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது தன் வாடகை வீட்டில் விட்டுப்போய், என் கைக்கு வந்த பெட்டி. விதிப்புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. என் மனைவி இறந்த வருடம் அகராதியை வைத்துக்கொண்டு அதை முழுக்கப் படித்து முடித்தேன். ஆனால் படித்தால் மட்டும் போதாது, எதிரில் உட்கார ஓர் ஆள் வேண்டும். குவாரியில் நான் பாறைக்கு வெடி வைப்பவன். ரத்தினவேல் மேட்டில் நின்று கொடி பிடிப்பவர். அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஞாயிறு பூசை முடிந்து நான் திரும்பும்போது அவருடைய பைக் என் வாசலில் நிற்கும். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் என் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும்.

எங்களுக்குள் சண்டை என்றால் அது மோர்ட்டாரைப் பற்றித்தான். குன்றுக்குப் பின்னால் மறைந்திருந்து குண்டு வீசுகிற சிறு பீரங்கி அது. அதற்கு எதிரி தெரியாது. தெரிகிற இடத்தில் நம் ஆள் ஒருவர் நின்று இன்ன கட்டம் என்று காட்ட வேண்டும். காட்டிய பிறகு அந்த ஆள் நகர்ந்துவிட்டால் என்ன செய்வது? புத்தகத்தில் தெளிவில்லை. காட்டியது காட்டியதுதான், குண்டு போகலாம் என்பது என் கட்சி.

"அதெப்படிண்ணே? குண்டு விழுகுற நேரத்துல பாக்க ஆள் வேணும்ல. எவன் தலையில விழுகுதுன்னு யாருக்குத் தெரியும்?"

"புத்தகத்துல அப்படிப் போடலையே தம்பி."

"புத்தகத்துல போடலைன்னா ஒங்களுக்காத் தெரிய வேணாமா? நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்ணே. தெரியாம வெடிக்குப் படிச்சிட்டீங்க."

சிரித்துக்கொண்டே, நான் அகற்றிவிட்ட தன் துண்டை எடுத்து மறுபடி அட்டையில் வைத்துவிடுவார். அடுத்த ஞாயிறும் அதே சண்டை. அது தீர வேண்டும் என்று நான் விரும்பியதே இல்லை.

பிறகு அவருக்கு மஸ்கட் விசா வந்தது.

"ரெண்டு வருசந்தாண்ணே. அங்க போயி போன்ல வெளையாடுவோம்" என்றார்.

அந்த அட்டையைப் போனில் விரிக்க முடியாது என்று அவருக்கும் தெரியும். அவர் போன பின் வரப்போகும் ஞாயிறுகளை நினைத்துப் பார்த்தேன். எதிர் நாற்காலியில் துவைத்த துணியை மடித்து வைக்கலாம். வேறொன்றும் தோன்றவில்லை.

வெடி வைக்கும் முறையை முன்பே உங்களிடம் சொல்லியிருக்கிறேன். மற்ற ஆட்களை ரோட்டுப் பக்கம் அனுப்பிவிடுவோம். நான் பாறை மறைவில் இருப்பேன். அங்கிருந்து பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, மேடு தெரியும். பள்ளத்தில் ஆளோ ஆடோ இல்லை என்று பார்த்து ரத்தினவேல் கொடியை இறக்குவார். பிறகு கல் தெறித்தாலும் படாத இரும்புக் கூண்டுக்குள் போய் நின்றுகொண்டு விசில் ஊதுவார். அது கேட்ட பின் நான் பொத்தானை அழுத்துவேன். எழுதி ஒட்டியிருக்கும் விதியில் கொடி மட்டும்தான் உண்டு. விசில் நாங்கள் இருவரும் எங்களுக்குள் வைத்துக்கொண்டது.

விசில் கேட்டது என்று வாக்குமூலத்தில் சொன்னேன். கேட்கவில்லை. கொடி இறங்கியது. கூண்டை நோக்கி நடந்தவர் பாதியில் நின்றார். வெடி நேரத்தில் போன் கூடாது. விசா வந்ததிலிருந்து அவர் அதைக் கீழே வைப்பதில்லை. சிக்னலுக்காக மேட்டு விளிம்புக்கே திரும்பி வந்து, பள்ளத்தைப் பார்த்தபடி, கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். நீலச் சட்டை. எனக்கு நன்றாகத் தெரிந்தது ஐயா. காலில் ஒரு கல் பட்டால் பயணம் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். கல் எங்கே போய்ப் படும் என்பது என் கையில் இல்லை. கொடி இறங்கியாயிற்று. அழுத்தினேன்.

முகத்தில் பட்டது. இரண்டு கண்ணும் போய்விட்டன. விசில் ஊதியதாக ஞாபகமே இல்லை என்று ஆஸ்பத்திரியில் அவர் சொன்னபோது, அடிபட்டவருக்கு ஞாபகம் இருக்காது என்று நீங்களே முடித்துவிட்டீர்கள்.

அதன் பிறகு என்னைப் போல அவரைக் கவனித்துக்கொண்டவர் யாருமில்லை. அவர் மனைவி பொற்கொடியைக் கேட்டால் சொல்லும். இப்போது ஞாயிறு மட்டுமல்ல, தினமும் சாயங்காலம் அட்டையோடு போகிறேன். அவர் துண்டுகளை விரலால் தடவுகிறார். எது எங்கே என்று நான் சொல்கிறேன். பகடையை நானே உருட்டி நானே எண்ணைச் சொல்கிறேன். ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. மோர்ட்டார் விஷயத்தில் மட்டும் அவர் வாதாடுவதை விட்டுவிட்டார். "நீங்க சொன்னாச் சரிண்ணே" என்கிறார். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

போன வாரம் பொற்கொடி ஒரு செய்தி சொன்னது. கோயம்புத்தூரில் தன் தம்பி வீட்டோடு போய்விடப் போகிறார்களாம். "அங்க போனா நாலு சனம் இருக்கும்ணே. இங்கிட்டு எங்களுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டது. என்னிடம்தான் கேட்டது. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே எழுதுகிறேன். பார்த்தும், தெரிந்தும் செய்தேன். கோப்பைத் திறந்து என் மேல் வழக்குப் போடுங்கள். வழக்கு என்றால் ரத்தினவேல்தான் முக்கிய சாட்சி. முடியும்வரை வெளியூர் போகக்கூடாது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பொற்கொடி தட்டாது. என்னைப் புதுக்கோட்டைச் சிறையிலேயே வைத்தால் அவர்கள் வந்துபோக பஸ் வசதி உண்டு. பார்க்க வருகிறவர்கள் விளையாட்டு அட்டை கொண்டுவரலாமா என்று மட்டும் விசாரித்துச் சொல்லவும். ரத்தினவேல் முதலில் கோபமாகத்தான் இருப்பார். ஆனாலும் வருவார் ஐயா. கண் தெரியாத மனிதர், என்னை விட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?