மாடத்தி நிறுத்துன பல்லக்கு

நம்ம பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முந்தி, ஊசிக்குளத்துல வேலாண்டின்னு ஒரு பல்லக்குத் தூக்கி இருந்தானாம். அவன் பெஞ்சாதி பேரு மாடத்தி. அவ வயித்துல வந்த வம்சந்தான் நாமன்னு சொல்லுவாக.

அந்தக் காலத்து ஜமீனுக்குத் தரையில கால் படக் கூடாதாம். கோயிலுக்குப் பல்லக்கு, குளத்துக்குப் பல்லக்கு. தூக்கித் தூக்கி வேலாண்டிக்குக் குதிகாலுக்கு மேல இருக்கிற நரம்பு வீங்கிப் போச்சு. காலையில எந்திரிச்சா சுவத்தைப் புடிச்சுக்கிட்டுத்தான் நிப்பானாம்.

"குதிகால் நரம்பு வலிக்குது, கால் ஊன முடியல சாமி, கொஞ்ச நாளைக்கு விடுங்க"ன்னு கேட்டான்.

"வேலைக்கள்ளன்!" அம்புட்டுத்தான் ஜமீன் சொன்னது.

திருவிழா வந்துச்சு. பல்லக்கு ஊர் எல்லைப் பாறையில ஏறுது. ஏறும்போது வேலாண்டிக்குக் கால் மடங்கிருச்சு. பல்லக்கு சாஞ்சுது. ஜமீன் புழுதியில உருண்டாராம்.

எந்திரிச்சவரு என்ன சொன்னாரு தெரியுமா? "எந்த நரம்பு வலிக்குதுன்னானோ, அதை அறுத்து விடுங்கடா! வலியும் போகும், நடிப்பும் போகும்!"

கத்தியும் வந்துருச்சு.

பின்னால பொங்கப்பானையோட வந்த மாடத்திக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரியுது. பானையை இறக்கி வச்சா. புருசன் காலை எடுத்து மடியில வச்சுக்கிட்டு உக்காந்தா.

"போன மாசம் உங்க குதிரை நொண்டுச்சே சாமி, அது நரம்பை அறுத்தீகளா? லாயத்துல கட்டி, தவிட்டு ஒத்தடம் குடுத்து, துணி சுத்தி, ஒருத்தனும் மேல ஏறக் கூடாதுன்னீகளே! உங்களைச் சுமந்த குதிரைக்கு வலிக்கும், உங்களைச் சுமந்த மனுசனுக்கு வலிக்காதோ?"

"வாயை மூடுடி!"

"மூட மாட்டேன்!"

கூடத் தூக்குனவுகளும் அதே குதிகால் வலிக்காரங்கதான? ஒருத்தன் தோள்துண்டை உதறுனான். "இவன் கால் ஆறட்டும் சாமி. அதுவரைக்கும் நாங்க தூக்கல." மத்தவுகளும் ஒதுங்கிட்டாக. கத்தி கொண்டாந்தவனும் கூட்டத்துக்குள்ள நழுவிட்டானாம். ஜமீன் வெயில்ல ஏசிக்கிட்டே நடந்து போனாரு.

சும்மா விடுவாரா? மறுநாளே மாடத்தி குடிசையைப் பிரிச்சு எறிஞ்சாரு. "குடிசைதான போச்சு, போகட்டும்!"னு அவ பாறையடியிலயே ஓலை வேஞ்சா. தவிட்டை வறுத்து ஒத்தடம் குடுத்தா. பழந்துணியை மடிச்சுக் குதிகாலுக்கு அடியில வச்சுக் கட்டுனா. வீக்கம் வத்துனதும், பாறை விளிம்புல முன்பாதத்த மட்டும் ஊனி நிக்கச் சொன்னா.

"குதிகாலப் பைய இறக்கு... பைய ஏத்து."

"வலிக்குது புள்ள."

"பொறுக்க முடியாட்டி நிறுத்திக்க. நாளைக்குப் பாப்போம். நம்மள எவன் வெரட்டுறான்?"

கத்தி படாமலே, அடுத்த மழை வர்றதுக்குள்ள கால் தேறிருச்சாம். வேலாண்டி காடு கரையெல்லாம் நடந்தான். பல்லக்கை மட்டும் சாகுற வரைக்கும் தொடல.

அதனாலதான் நம்ம ஊர்ல கல்யாண மாப்பிள்ளையக்கூட யாரும் தூக்குறதில்ல. சப்பரத்துல அம்மன் வந்தாலும் அந்தப் பாறையில இறக்கி வைக்கணும். பொம்பளைக போயி, தூக்குனவுக காலுக்கு வெந்நி ஊத்தி ஒத்தடம் குடுப்பாக. "நேரமாகுது"ன்னு பூசாரி முணங்குனா, எல்லாரும் ஒரே குரல்ல சொல்லுவாக: "அம்மன் காத்திருப்பா. கால் ஆறட்டும்."