தங்குபவர் பெயர்

ஊரிலிருந்து மாமனார் வந்து மூன்று நாளாகிறது. மூன்று நாளும் சாயங்காலம் க்யிம்யிண்டைங் பேட்டை ஆபீசில் நான் வரிசையில் நிற்கிறேன். இங்கே பர்மாவில் வெளியாள் ஒரு ராத்திரி வீட்டில் தங்கினாலும் பெயர் எழுதிக்கொடுத்து விருந்தாளிச் சீட்டு வாங்கியாக வேண்டும். நேற்று எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் நின்றார்கள். கியாக்தானிலிருந்து வந்த தங்கைக்குச் சீட்டு வாங்க அக்கா கூட்டிவந்திருந்தாள்.

"ஆண்டவர் பேரையும் எழுதணுமாக்கா?" என்றாள் தங்கை.

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"காலையில பாஸ்டர் சொன்னாரே. நாடு கடத்தப்பட்ட சனங்க நடுவுல என்னைக்கும் குடியிருப்பேன்னு எசேக்கியேல் தீர்க்கதரிசிகிட்ட ஆண்டவர் சொன்னாராம். அப்ப நம்ம வீட்லயும் தங்குறவருதானே."

"மெதுவாப் பேசு."

"நீ சிரிப்பேன்னு சொன்னேன்."

அக்கா சிரிக்கவில்லை.

"போன மாசம் இங்கதான் ஜோசப்பு பேரைக் குடும்பப் பட்டியல்லேர்ந்து அடிச்சாங்க. பட்டாளத்துக்கு எதிரா ஊர்வலத்துல போயி, எல்லைக் காட்டுக்கு ஓடுனவன்னு. இனிமே எம்மவன் வந்தாலும் விருந்தாளிதான். சீட்டு வாங்கித்தான் படுக்க வைக்கணும்."

"கடிதாசி ஏதும் வந்துச்சா?"

"ரெண்டு வருசமா இல்ல."

வரிசை நகர்ந்தது. மேசைக்காரர் எத்தனை பேர் என்று பர்மியில் கேட்டார். அக்கா ஒரு விரலைக் காட்டினாள். சீட்டை வாங்கி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ஆண்டவர் நம்ம வீட்ல தங்க வேணாம்டி. அவன்கிட்ட தங்கட்டும். அங்க யாரும் சீட்டு கேக்க மாட்டாங்க."