லீவுக்குக் காத்திருந்த பற்கள்

புஜைராவிலிருந்து துபாய் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அப்பாவும் மகளும். பல் மருத்துவக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்குப் போகிறார்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"அப்பா, ஏன் இந்தப் படிப்புன்னு கேட்டா, உங்க பல்லு போன கதையை அங்க சொல்லவா?" என்றாள் அந்தப் பெண்.

"உனக்கு வேற பதிலே கிடைக்கலையாம்மா? சேவை செய்யணும்னு சொல்லு."

"அதை எல்லாரும் சொல்லுவாங்க. இங்க வைத்தியச் செலவு ஜாஸ்தி, லீவுல ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்னு நீங்க கிராம்பைக் கடிச்சுக்கிட்டே டியூட்டிக்குப் போனீங்க. ஊருக்குப் போனதும் டாக்டர் பிடுங்கித்தான் போட்டாரு."

"சைட்ல எல்லாரும் அப்படித்தான்."

"அதனாலதான் இதைப் படிக்கணும்னு சொல்லப்போறேன்."

"சரி, சொல்லு. ஆனா ஒரு பல்லுன்னு சொல்லு."

"மூணுப்பா."

"மூணுன்னா, உங்கப்பனுக்கு அறிவில்லையான்னு கேப்பாங்க. சீட்டு தரமாட்டாங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டு இங்கிலீஷில் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். 'திரீ டீத்' என்றது பின்னால் இருந்த எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லிப் பழகு" என்றார்.