முள் ஏறாத கார்

கார் எஞ்சின் சூடாவது பெரிய வியாதி ஒன்றுமில்லை, ஐயா. தண்ணீர் குறைந்திருக்கும், குழாய் கசியும், பம்ப் சுற்றாது, ஃபேன் ஓடாது. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் அரை மணி நேரத்தில் பழுது அகப்பட்டுவிடும். பக்கத்தில் என் தங்கையின் கணவர் நிற்காமல் இருந்தால் இருபது நிமிடமே போதும்.

மாப்பிள்ளையைக் குறை சொல்ல நான் வரவில்லை. படித்தவர், நல்ல குடும்பஸ்தர். செல்போனில் வீடியோ பார்த்தே கார் வித்தையைக் கரைத்துக் குடித்தவர். இருபத்திரண்டு வருடமாகக் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து நான் கற்றதை, காலைக் காப்பி ஆறுவதற்குள் கற்றுவிடுவார். கற்றதைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் கஞ்சத்தனமும் கிடையாது. என் பட்டறையில் வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து வந்து எனக்குச் சொல்லிக்கொடுப்பார்.

அன்றைக்கும் அப்படித்தான் வந்தார். அவருடைய கார் ஓடும்போது நன்றாக இருக்கிறதாம், நெரிசலில் நின்றால் மட்டும் சூடு காட்டும் முள் உச்சிக்குப் போகிறதாம். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது ஃபேன்தான் ஆற்ற வேண்டும். ஆக, ஃபேன். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஃபேனெல்லாம் இல்ல மச்சான். தண்ணிய மறிச்சு வச்சு விடுற வால்வு இருக்கே, தெர்மோஸ்டாட், அதைக் கழட்டித் தூர போடுங்க. முள் தானா இறங்கும்" என்றார்.

நான் ரேடியேட்டர் மூடியின் மேல் மடித்த சாக்கைப் போட்டு, முகத்தை ஒதுக்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். உள்ளே தண்ணீர் கொதித்து அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும். சட்டென்று திறந்தால் ஆள் உயரத்துக்குப் பீறிட்டு அடிக்கும்.

மாப்பிள்ளை சிரித்தார். "என்ன மச்சான், பாம்புப் பெட்டியத் தொறக்குற மாதிரி இவ்ளோ பயம்? முள்ளைப் பாத்தா போதுமே. கீழ இருந்தா தண்ணி ஆறிடுச்சுன்னு அர்த்தம். போய் இறங்கின உடனே நான் அப்படித்தான் தொறந்து பாப்பேன், நீங்க ஒழுங்கா தண்ணி ஊத்தினீங்களான்னு."

பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அதில் ஒருவர் பத்து வருடமாக என்னைத் தவிர வேறு யாரையும் தன் வண்டியைத் தொடவிடாதவர்.

எனக்குக் கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கோபத்தில் நான் எதுவும் செய்யவில்லை. மறுநாள் காலை, நன்றாகத் தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் செய்தேன்.

தெர்மோஸ்டாட்டை அவர் சொன்னபடியே கழற்றினேன். ஃபேனைத் தொடவில்லை, அது தன் இஷ்டத்துக்கு ஓடும், நிற்கும். முள்ளுக்குப் போகும் வயரின் நடுவில் அரிசி மணி அளவுக்கு ஒரு ரெசிஸ்டரை வைத்து டேப் சுற்றினேன். இனி எஞ்சின் கொதித்தாலும் முள் கீழேயே படுத்துக் கிடக்கும். முள்ளைத்தானே இறக்கச் சொன்னார்? இறக்கிக் கொடுத்தேன். மூடியைத் திறந்து முகத்தில் கொஞ்சம் வாங்கிக்கொண்டால் வாய் கொஞ்சம் அடங்கும் என்று நினைத்தேன். ஒரு பாடம், அவ்வளவுதான். எவ்வளவு வேகும் என்பது எனக்குத் தெரியும், தெரியாது என்று சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து போன் செய்தார். "பாத்தீங்களா மச்சான்? முள் அசையவே இல்ல. நான் சொன்னேன்ல?"

"நீங்க சொன்னா தப்பாகுமா மாப்பிள்ளை" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில், அவரும் என் தங்கையும் குழந்தையுமாக மூன்று பேரும் ஒரு மணி நேரம் நெரிசலில் ஊர்ந்து வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். குழந்தை அவர் சட்டையில் வாந்தி எடுத்துவிட்டது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, என் தங்கையிடம் சொல்லியிருக்கிறார்: "முள் கீழதான் இருக்கு, மூடியத் தொறந்து தண்ணி இருக்கான்னு மட்டும் பாத்துடு." அவள் குனிந்து பார்த்திருக்கிறாள்.

கார் கண்ணாடியைக்கூட அடுத்தவர் துடைக்க விடாத மனிதர், ஐயா. அன்றைக்கென்று பார்த்து அவளை ஏவியிருக்கிறார். இதை நான் எப்படி எதிர்பார்த்திருக்க முடியும்? இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டேப்பைப் பிரித்து அந்த ரெசிஸ்டரை உங்கள் மேஜையில் கொண்டுவந்து வைத்தவரும் அவரே. தன் வாழ்நாளில் அவர் சரியாகக் கண்டுபிடித்த ஒரே பழுது அதுதான். ஆமாம், வைத்தது நான். வேறு யாருக்கும் அவ்வளவு சுத்தமாக வைக்க வராது.

தங்கைக்கு வலது கண் போய்விட்டது, இடது கண்ணைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நேற்று போய்ப் பார்த்தேன். முகம் முழுக்கக் கட்டு. என் குரல் கேட்டதும் கையை நீட்டித் தடவித் தேடினாள். மாப்பிள்ளை இன்னும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"அண்ணா, அவர் மேல கோச்சுக்காத. நீ செஞ்சு குடுத்த வண்டியில குறை இருக்காது. நான்தான் அவசரப்பட்டுத் தப்பாத் தொறந்துட்டேன்" என்றாள்.

என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவள். "பரவாயில்லம்மா, இனிமே கவனமா இரு" என்று சொல்லி, அவளை மன்னித்துவிட்டுத்தான் வந்தேன்.