நான்காவது ஆல்பத்தின் கூர்மை

எனக்கு ஆட வராது. என் தம்பியின் பாட்டுக்குக் கூடம் முழுக்க ஆடும்போது ஒரு கால்கூட அசைக்காமல் இருந்தவள் நான் ஒருத்திதான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒலிப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். யாராவது ஒருவர் வேலை பார்க்க வேண்டுமே.

அவனுடைய ரெக்கார்டுகளை எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கொண்டுவரப் போகிறீர்கள், அதற்கு முன்னுரை எழுத வந்திருக்கிறீர்கள். நல்ல காரியம். நீங்கள் கேட்டதில் எனக்குப் பிடித்தது அந்த நான்காவது ஆல்பத்தைப் பற்றிய கேள்வி. உச்சத்தில் வருகிற சத்தமெல்லாம் ஊசி மாதிரிக் குத்துகிறதே, ஏன் என்றீர்கள். இதுவரை யாரும் கேட்டதில்லை. புதுப் பாணி என்று பத்திரிகைகளில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். உங்களுக்கு நல்ல காது. மறைக்காமல் சொல்கிறேன்.

அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். நான் ரேடியோ ரிப்பேர் கடைக்கு வேலைக்குப் போனேன். யாரோ வேண்டாமென்று விட்டுப்போன இரண்டு ரெக்கார்டு பிளேயர்களைச் சரிசெய்து அவனுக்குக் கொடுத்தேன். ஹவுஸ் என்கிற அந்த ஆட்ட இசையை அவன் பழகியது அவற்றில்தான். முதல் ரெக்கார்டில் நெஞ்சை இடிக்கிற 'தொம்' இருக்கிறதே, அது டிரம் இல்லை. எங்கள் இரும்பு பீரோவின் கதவு. சாத்தியது என் கை. ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்கு அவன் எப்போது போனான் என்று ஆடுகிறவர்களுக்கே தெரியாது, அவ்வளவு மெல்லக் கலப்பான். 'நிதானம்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது ஆல்பத்தில் ஒரு பாடகி வந்தாள். பாட்டு முழுக்க 'வா' என்று ஒரே சொல்லைத்தான் பாடினாள். என் தம்பி அவள் பக்கம் போய்விட்டான்.

கெட்ட பெண் என்று சொல்ல மாட்டேன். இங்கே வந்தால் அவள் குடித்த டம்ளரை அவளே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்.

"அக்கா, அவ ஊருக்கே போயிடலாம்னு இருக்கோம். அங்கயே ஸ்டுடியோ போட்டுக்கலாம்."

"அப்ப நான்?"

"நீ எத்தனை நாளைக்கு என் பின்னாடியே சுத்துவே? உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேணாமாக்கா?"

அக்கறையோடுதான் சொன்னான். நானும் அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். சாயங்காலம் லிமிட்டரைக் கழற்றினேன். அவன் ஹெட்ஃபோனில் சத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாமல் பிடித்துவைக்கிற சின்னப் பெட்டி அது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் சத்தத்தை ஒரு மயிரிழை ஏற்றிவைப்பேன். அவசரமே படவில்லை. அவன் கலக்குவதுபோலத்தான் நானும் ஏற்றினேன்.

காதில் முதலில் போவது மெல்லிய, உயர்ந்த சத்தங்கள்தான். நான்காவது ஆல்பம் செய்யும்போது அவனுக்கு அவை எட்டவில்லை. "இன்னும் தூக்குக்கா, மந்தமா இருக்கு" என்பான். தூக்கினேன். உங்கள் காதைக் குத்துவது அதுதான்.

அப்புறம் ஒரு பெரிய நிகழ்ச்சி. மறுநாள் எழுந்தவன், இரண்டு காதிலும் பஞ்சை அடைத்த மாதிரி இருக்கிறது என்றான். காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். பரிசோதித்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

"இந்த மாத்திரைய இன்னைக்கே ஆரம்பிங்கம்மா. தள்ளிப்போட்டா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. சத்தம் பக்கமே விடாதீங்க."

மாத்திரைகளை வாஷ்பேசினில் கரைத்துவிட்டேன். அதே டப்பாவில் சத்து மாத்திரை போட்டுக் கொடுத்தேன். சமர்த்தாக விழுங்கினான். காது திரும்பிவிட்டதா என்று பார்க்க ஹெட்ஃபோனை மாட்டி, சத்தத்தைக் கூட்டச் சொல்லுவான். கேட்டான், கொடுத்தேன். கேட்டதைக் கொடுக்காமல் நான் அவனை வளர்க்கவில்லை.

பாடகி தினமும் போன் செய்தாள். மணியடிப்பதே அவனுக்குக் கேட்காது. உன்னைப் பார்க்க அவனுக்கு இஷ்டமில்லை என்று அவளிடம் சொன்னேன். அவளுடைய குறுஞ்செய்திகளை அவனுக்கு முன்பே நான் பார்த்து அழித்துவிடுவேன். கொஞ்ச நாளில் அவனே போனைத் தொடுவதை விட்டுவிட்டான். "அவ கூப்பிடவே இல்லையாக்கா?" என்று கேட்டபோது, இல்லை என்று எழுதிக் காட்டினேன். அழுதான். முதுகைத் தடவிக்கொடுத்தேன். ஒருநாள் அவள் வாசலில் வந்து நின்று கதவை இடித்தாள். அவன் உள்ளே சட்டை மடித்துக்கொண்டிருந்தான். ஓய்ந்து போகிறவரை இடித்தாள்.

ஐந்தாவது, ஆறாவது ஆல்பங்கள் நான் செய்தவை. அட்டையில் அவன் பெயர்தான். அதோ, ஜன்னலோரம் ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள். இப்போதெல்லாம் அப்படித்தான் கேட்கிறான். போன மாதம் ஆறாவதைப் போட்டேன். கையைச் சட்டென்று எடுத்துவிட்டான்.

"இது நான் பண்ணது இல்லக்கா."

நீதான் செய்தாய், மறந்துபோச்சு என்று எழுதினேன். அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இருக்கும்" என்றான். அன்றிலிருந்து எதைச் செய்தோம், எதைச் செய்யவில்லை என்பதை என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறான். சாப்பிட்டாயிற்றா என்பதைக்கூட.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள். வெளியூரில், புது இடத்தில், யாரோ ஒரு பெண்ணை நம்பிப் போய், நாளைக்கு அவள் விட்டுவிட்டால் அவன் கதி என்ன? யாராவது யோசித்தார்களா? இங்கே அவனுக்கு என்ன குறை? சட்டையில் ஒரு கறை இருக்கிறதா, பாருங்கள்.

இதை முன்னுரையில் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். லிமிட்டரைக் கழற்றியது நான்தான், மாத்திரையைக் கரைத்ததும் நான்தான். அவனை அழித்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். காப்பாற்றினேன்.

எழுந்து வருகிறான். குரல் கொஞ்சம் உரக்க வரும், பயப்படாதீர்கள்.

"என்னக்கா, இவ்வளவு நேரமா என்ன பேசிட்டிருக்கீங்க?"

அவன் பாட்டை நீங்கள் புகழ்ந்துகொண்டிருந்ததாக எழுதிக் காட்டுகிறேன். நீங்கள் அவனைப் பார்த்துக் கொஞ்சம் தலையாட்டினால் போதும். இன்றுவரை என் தம்பியிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.