ஆறு பேரை எண்ணிய பெரட்டு

அனைவருக்கும் ஓர் அதிமுக்கிய அறிவிப்பு! கடந்த நான்கு நாள்களாக நம் எஸ்டேட்டில் ஒரு செருப்புகூடக் காணாமல் போகவில்லை. ஆயம்மாள் அக்காவின் இரண்டு செருப்பும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கின்றன. இச்செய்தியை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சங்கத் தலைவர் செல்லதுரை அண்ணன் அவர்களே! அவரைத் தாங்கும் ஒற்றை நாற்காலியே! வருடம் முழுக்க என்னைப் 'பேசாதே' என்று அதட்டிவிட்டு, இன்று 'பேசு' என்று அனுப்பிய டியூஷன் வாத்தியார் ஜஸ்டஸ் ஐயா அவர்களே! தேயிலைக் கொழுந்து எடை போட்ட கையோடு ஓடி வந்திருக்கும் அக்காமார்களே, அண்ணன்மார்களே! தெய்வம்மாவின் மகன் பாலுவின் வணக்கம்.

இன்று நாம் கூடியிருப்பது யாருக்காக? பெரட்டுக்காக! எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் வேலை பிரிக்கும் முன் ஆள்களை வரிசையாக நிறுத்தி எண்ணுவதற்குப் பெயர் பெரட்டு. நம் பெரியவர்கள் சிலோன் தோட்டத்திலிருந்து பெட்டி படுக்கையோடு கொண்டுவந்த சொல். அதை ஒரு நாய்க்குப் பெயராக வைத்தவர் சூப்பர்வைசர் இருளப்பன் மாமா. இதே கொட்டகையில் அவர் விசில் ஊதி எண்ணிக்கொண்டு வருவார். அவர் பின்னால் அது ஒவ்வொரு காலாக மோந்துகொண்டு வரும். ஓர் ஆள் குறைகிறதா? அந்த ஆளின் லைன் வீட்டுக்கு ஓடும்; ஒற்றைச் செருப்பைக் கவ்வி வந்து, ஆள் நிற்கும் இடத்தில் வைக்கும். ஆயம்மாள் அக்கா லீவு போட்ட நாளெல்லாம் அவருடைய செருப்பு வேலைக்கு வந்திருக்கிறது!

"அந்த நாயி சும்மாதான் இருந்துச்சு. அதுல நாலு நாளு நீதான்டா செருப்ப ஒளிச்சு வெச்சே!" என்று அக்கா அங்கிருந்து கத்துகிறார். நான்கு நாள் இல்லை அக்கா, ஏழு நாள். அமைதி, அமைதி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மாமா ரிட்டயர்டு ஆகி, திருப்பூரில் மகன் வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி. நாய்க்கு அனுமதி இல்லை. ஜீப்பில் ஏறும் முன்பு கயிற்றை என் கையில் கொடுத்தார். "பாத்துக்க கண்ணு. ஆள் எண்ணாம நகர மாட்டான். அவசரப்படுத்தாத" என்றார்.

கயிறும் கையுமாக வீட்டு வாசலில் நின்றேன். என் அம்மா என்ன சொன்னார் தெரியுமா?

"இந்த ஊட்டுல டிவி செகண்டு, பீரோ செகண்டு, உன்ற சைக்கிள் செகண்டு. இப்ப நாயுமா? ஏன்டா, புதுசா ஒன்னுமே உனக்குக் கெடைக்கலையா?"

நண்பர்களே! செகண்ட் ஹேண்ட் சைக்கிளில் பழைய ஆளின் பெயரைச் சுரண்டிவிட்டு நம் பெயரை ஒட்டிக்கொள்ளலாம். நாயில் எதைச் சுரண்டுவது? நானும் சுரண்டிப் பார்த்தேன். 'ராக்கெட்' என்று பெயர் மாற்றினேன். கூப்பிட்டால், நான் வேறு யாரைக் கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்க்கும். பூட்டிக் கிடந்த சூப்பர்வைசர் குவார்ட்டர்ஸ் வாசலில் பத்தொன்பது நாள் படுத்திருந்தது. ஒவ்வொரு நாளும் நான்தான் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். நாய் வளர்க்கிறேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு, ஒரு நாய்க்கு டெலிவரி பையனாக இருந்தேன்!

இருபதாம் நாள் எனக்குக் காய்ச்சல். சோறு போகவில்லை. மறுநாள் காலை, அம்மா வேலைக்குக் கிளம்பி இந்தக் கொட்டகைக்கு வந்தால், வரிசையின் கடைசியில் என்னுடைய ஒற்றைச் செருப்பு! பெரட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாம். அம்மா செருப்பைக் கையில் எடுத்து வந்து, "உன்னையும் எண்ணிருச்சுடா" என்றார். அன்று மாலை அது எங்கள் வீட்டில் படுத்தது. பழையதை மறந்துவிட்டு வரவில்லை. பழைய வழக்கத்தையெல்லாம் தூக்கிக்கொண்டுதான் வந்தது. அதில் எனக்கும் ஓர் இடம் போட்டுக் கொடுத்தது. வேறென்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு?

அதன்பிறகு அது ஆற்றிய பணியை நான் சொல்லவும் வேண்டுமா? அரவேணுவில் டியூஷன் முடிந்து ஐந்து பிள்ளைகள், ஆறாவதாக நான், ஆறு மணி பஸ்ஸில் வந்து இறங்குவோம். நிழற்குடையில் பெரட்டு உட்கார்ந்திருக்கும். ஆறு பேர் காலையும் மோந்த பிறகுதான் எழும். ஒரு நாள் எல்சா அக்காவின் மகன் ஜெர்சன் பஸ்ஸிலேயே தூங்கிப்போய்விட்டான். நாங்கள் இழுக்கிறோம், கெஞ்சுகிறோம், பிஸ்கட் காட்டுகிறோம். நகர்ந்ததா? அடுத்த ஸ்டாப்பில் விழித்த ஜெர்சன் அழுதுகொண்டே நடந்து வந்து சேரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தது!

அடுத்து, நீங்கள் எல்லோரும் அறிந்த ஐப்பசி மாத நிகழ்ச்சி. மழை மூட்டம். தேயிலைக்கு நடுவே ஒற்றைக் காட்டெருமை. பிள்ளைகளைப் பெரட்டு பேக்டரி ரோட்டுப் பக்கமாக ஓட்டிக்கொண்டு போனது. நான் மட்டும் பின்தங்கினேன். அரை மணி நேரம் கழித்து, கிழிந்த பேண்டோடு, பெரட்டு முன்னே வர, நான் இந்தக் கொட்டகைக்குள் நுழைந்தேன். "பாலு அண்ணா ஒத்தையா நின்னு வெரட்டீருச்சு!" என்று ஜெர்சன் கத்தினான். நீங்கள் தோளில் தூக்கினீர்கள். இதோ, பின்னால் பிளக்ஸ் பேனரைப் பாருங்கள். 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டு, 'காட்டெருமையை விரட்டிய காளை' என்று என் படம் ஆளுயரத்துக்கு. பெரட்டின் படம்? மூலையில், தபால்தலை அளவுக்கு. டிசைன் நான்தான் கொடுத்தேன்.

கடந்த வியாழக்கிழமை காலை பெரட்டு கடைசி ஆள்வரை மோந்து முடித்துவிட்டு, இந்தத் தூணோரம் படுத்தது. வேலைக்குப் போகும் விசில் ஊதியபோது எழவில்லை. நாற்பத்தொரு பேர். ஒருவர்கூடக் குறையவில்லை.

சற்று முன் எல்சா அக்கா கேட்டார்: "நாயும் போயிருச்சு. இனி எம்புள்ளைகள யாரு கூட்டிட்டு வருவா? ஜெஸிந்தா டியூஷனுக்குப் போக வேண்டாம். ஜெர்சனும் வேண்டாம்." ஜெஸிந்தா பத்தாவது. அழுதுகொண்டு நிற்கிறாள். உடனே செல்லதுரை அண்ணன் எழுந்து, "ஏனுங்க, நம்ம பாலு இருக்கானே! காட்டெருமையவே வெரட்டுனவன். அவன நம்பி அனுப்புங்க" என்றார். எல்சா அக்காவும் சரி என்று தலையாட்டிவிட்டார். கைத்தட்டல் வேறு.

பெரட்டின் பணியை நான் தொடர்வேன்! நாளை ஆறு மணி பஸ்ஸிலிருந்தே தொடர்வேன்! இது உறுதி!

இதோடு நிறுத்தலாம் என்றுதான் எழுதி வந்தேன். ஆனால் எல்சா அக்கா தலையாட்டியதிலிருந்து காதெல்லாம் சுடுகிறது. செல்லதுரை அண்ணா, நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் விரட்டவில்லை.

காட்டெருமையைப் பார்த்ததும் முதலில் ஓடியது நான்தான். பிள்ளைகளை விட்டுவிட்டு, மூட்டத்தில் யாருக்கும் தெரியாமல் ஓடினேன். ஓடி, சில்வர் ஓக் மரத்தில் ஏறிக்கொண்டேன். பேண்ட் கிழிந்தது அங்கேதான். பிள்ளைகளைக் கொட்டகையில் கொண்டுவந்து சேர்த்தது பெரட்டு. ஐந்து பேர் காலை மோந்திருக்கிறது. ஓர் ஆள் குறைகிறது. திரும்பவும் மழையில் அவ்வளவு தூரம் நடந்து வந்தது. காட்டெருமை எப்போதோ போய்விட்டிருந்தது. நான்தான் இறங்கவில்லை. பெரட்டு குரைக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை. அடியில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டே இருந்தது. இறங்கியதும் என் காலை மோந்துவிட்டு முன்னால் நடந்தது. யாரிடமும் அது சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதனால் எல்சா அக்கா, என்னை மட்டும் நம்பிப் பிள்ளைகளை அனுப்பாதீங்க. டியூஷனையும் நிறுத்தாதீங்க. தினம் ஒரு பெரிய ஆள் டார்ச்சோடு நிழற்குடைக்கு வந்தால் போதும். ஐந்து பேரையும் நான் எண்ணுகிறேன், சத்தியமாக எண்ணுகிறேன். ஆறாவது ஆள் கொஞ்சம் பயந்தவன். அவனை நீங்கள்தான் எண்ணிக்கொள்ள வேண்டும்.